தந்தியும் எண்ணும்: கிற்றார் ஒலித்தொகுப்பியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இசைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் தோற்றம், பரவல், மறைவு ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவி வேறொரு கருவியின் இலக்கணத்துக்கு உட்படுமாறு நிர்ப்பந்திக்கப்பட்ட வரலாறு அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலத்திரனியல் முறையில் ஒலியை ஆக்கும் கருவிகள் தோன்றியபோது கிற்றாருக்கு நேர்ந்தது அத்தகையதொரு நிர்ப்பந்தமாகும். உலகெங்கும் மிகப் பலரால் வாசிக்கப்படும் கருவிகளுள் ஒன்றாக இருந்தும் புதிய ஒலியுலகின் வாயிலிலே அது நெடுங்காலம் காத்துநிற்க நேர்ந்தது. அவ்வாயில் விசைப்பலகைக்கு ஏற்ற அளவிலேயே அமைக்கப்பட்டிருந்தமை அதற்குக் காரணமாகும்.

இக்கட்டுரையில் நாம் நோக்கவிருக்கும் கருவி புறத்தோற்றத்தில் சாதாரண மரக்கிற்றார் போன்றதே. ஆறு நைலோன் தந்திகள், மரத்தாலான மேற்பலகை, தந்திகளைத் தாங்கும் குதிரை ஆகிய யாவும் வழமைபோல் உள. ஆயின் குதிரையில் ஒவ்வொரு தந்தியின் கீழும் தனித்தனியே ஓர் உணரி பொருத்தப்பட்டிருக்கும். உடலின் விளிம்பிலே பதின்மூன்று ஊசிகளைக் கொண்ட இணைப்பான் ஒன்று காணப்படும். அங்கிருந்து செல்லும் வடம் ஒலித்தொகுப்பியைச் சென்றடையும். வாசிப்பவர் ஒரு தந்தியை மீட்டும்போது மரத்தின் ஒலியுடன் குழலின் ஒலியோ, வயலின் கூட்டத்தின் ஒலியோ, இயற்கையில் எக்கருவியிலும் கேட்கமுடியாததோர் ஒலியோ சேர்ந்தெழும்.

இத்தகைய கருவி கடையில் வாங்கக்கூடிய ஒரு பொருளாக அமைவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அம்முப்பது ஆண்டுகளில் நிகழ்ந்தது பொறியியல் முன்னேற்றம் மாத்திரமன்று. இசைக்கலைஞனின் விரல் செய்வனவற்றுள் எவை கணக்கில் எடுக்கப்படவேண்டியவை, எவை விடப்படக்கூடியவை என்னும் வினாவே அதன் அடியில் இருந்தது. கமகத்தை உயிராகக் கொண்ட இசைமரபிலே வளர்ந்த நமக்கு அவ்வினா அந்நியமானதன்று.

விசைப்பலகையின் மேலாண்மை

1964 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே றொபேட் மூக் என்பவர், ஹேர்பேட் டொயிச் என்னும் இசையமைப்பாளரின் ஒத்துழைப்புடன் தமது ஒலித்தொகுப்பியை உருவாக்கினார். ஒலியலைகளைப் பிறப்பிக்கும் அலையம், அவ்வலையின் சில கூறுகளை நீக்கும் வடிகட்டி, ஒலியின் வன்மையைக் கூட்டிக் குறைக்கும் பெருக்கி ஆகிய மூன்றும் மின்னழுத்தத்தினால் கட்டுப்படுத்தப்பட்டமை அதன் சிறப்பாகும். அக்கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை எதனின்றும் பெறலாம். திருகு ஒன்றினாலோ, கையின் அழுத்தத்தினாலோ, வேறோர் ஒலியினாலோ அதனை உண்டாக்க முடியும். எனினும் மூக் விசைப்பலகையைத் தெரிந்துகொண்டார். அதே காலத்தில் கலிபோர்னியாவில் டொன் புக்லா என்பவர், விசைப்பலகை பழைய இசைச் சிந்தனையையே மீண்டும் கொணரும் எனக் கருதித் தொடுதகடுகளைக் கொண்ட வேறொரு கருவியை அமைத்தார். சந்தையில் வென்றது மூக்கின் வழியே. 1970 இல் வெளிவந்த சிறிய வடிவிலான ‘மினிமூக்’ விசைப்பலகையையும் ஒலித்தொகுப்பியையும் ஒரே பெட்டியில் இணைத்தது. அதன்பின் ஒலித்தொகுப்பி என்றாலே விசைப்பலகை உடையது என்னும் எண்ணம் பொதுமக்கள் மனத்தில் வேரூன்றியது.

விசைப்பலகை வென்றமைக்கு வணிகக் காரணம் மட்டுமன்றி இயல்பான காரணமும் உண்டு. பியானோவின் விசை அடிப்படையில் ஓர் ஆளியாகும். அழுத்தினால் ஒலி தொடங்கும். விட்டால் ஒலி முடியும். எந்த விசை அழுத்தப்பட்டது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு விசைக்கும் ஒரு மின்னழுத்தத்தைக் குறித்துவிட்டால் இயந்திரத்துக்கு வேண்டிய யாவும் கிடைத்துவிடுகின்றன.

தந்தியின் நிலை இதற்கு மாறானது. அதனை எங்கே அழுத்துகிறோம், எவ்வளவு பக்கவாட்டில் இழுக்கிறோம், குதிரைக்கு அண்மையில் மீட்டுகிறோமா தொலைவில் மீட்டுகிறோமா, நகத்தால் மீட்டுகிறோமா சதையால் மீட்டுகிறோமா என்பனவெல்லாம் ஒலியை மாற்றும். ஒலி எழுந்த பின்னரும் அது மாறிக்கொண்டே செல்லும். எனவே விசை தருவது ஒரு செய்தி எனின், தந்தி தருவது ஒரு நிகழ்ச்சி எனலாம். நிகழ்ச்சியைச் செய்தியாக மாற்றுவதே கிற்றார் ஒலித்தொகுப்பியின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்த பிரச்சினையாகும்.

முதல் முயற்சிகள்

இப்பிரச்சினையைத் தீர்ப்பதற்குப் பதிலாகத் தவிர்க்க முயன்ற கருவிகளே முதலில் தோன்றின. 1966 அளவில் ‘வொக்ஸ்’ நிறுவனம் கிற்றாரின் மெட்டுகளை மின்தொடுகைகளாக அமைத்து, தந்தி மெட்டைத் தொடும்போது ஓகனின் ஒலி எழுமாறு செய்தது. இங்கே தந்தியின் அதிர்வுக்கு வேலை இல்லை. அது ஆளியின் ஒரு பாதியாக மாத்திரமே பயன்பட்டது. கிற்றாரை விசைப்பலகையாக மாற்றிய செயல் என்றே இதனைக் கூறவேண்டும்.

தந்தியின் அதிர்வையே மூலமாகக் கொள்ளும் முயற்சி 1970களில் வலுப்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் ‘ஏ.ஆர்.பி.’ நிறுவனம் 1977 இல் ‘அவற்றார்’ என்னும் கருவியை வெளியிட்டது. ஆறு தந்திகளும் தனித்தனியே ஒலித்தொகுப்பியை இயக்கவேண்டும் என்பது அதன் தொடக்க நோக்கம். இறுதியில் வெளிவந்த கருவியிலோ ஒலித்தொகுப்பிப் பகுதி ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே இசைக்க வல்லதாய் இருந்தது. பெரும் பொருட்செலவில் ஆக்கப்பட்ட அது எதிர்பார்த்தவாறு விற்பனையாகவில்லை. 1981 இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. அதன் வீழ்ச்சிக்குக் கூறப்படும் காரணங்களுள் அவற்றாரும் ஒன்று.

அதே 1977 ஆம் ஆண்டில் யப்பானிலிருந்து வேறொரு கருவி வந்தது. இக்குதாரோ ககெஹாஷி என்பவர் 1972 இல் ஒசாக்கா நகரில் நிறுவிய ‘றோலண்ட்’ நிறுவனம் ஜீ.ஆர்.-500 என்னும் கிற்றார் ஒலித்தொகுப்பியை வெளியிட்டது. இதற்கெனத் தனியாக அமைக்கப்பட்ட மின்கிற்றாரில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி உணரி இருந்தது. கிற்றாரையும் தொகுப்பியையும் இருபத்துநான்கு ஊசிகள் கொண்ட தடித்த வடம் இணைத்தது. ஆறு தந்திகளின் சைகைகளைக் கலக்கவிடாது தனித்தனியே எடுத்துச் செல்லுதல் என்னும் அடிப்படைக் கொள்கை இங்கே நிலைபெற்றது. பின்வந்த கருவிகள் யாவும் ஏதோ ஒரு வகையில் இதன் வழித்தோன்றல்களே.

1980 இல் வெளிவந்த ஜீ.ஆர்.-300 இவ்வரிசையில் தனியிடம் பெறுவது. அது தந்தியின் அதிர்வை எண்ணாக மாற்றவில்லை. ஆறு தந்திகளுக்கும் தனித்தனி அலையங்கள் இருந்தன. ஒவ்வோர் அலையமும் தனக்குரிய தந்தியை நேராகவே பின்தொடர்ந்தது. தந்தியை இழுத்தால் தொகுப்பியின் ஒலியும் உடனே இழுபட்டது. ஐக்கிய அமெரிக்க ஜாஸ் கலைஞரான பற் மெதீனி 1982 இல் வெளிவந்த ‘ஓஃவ்றாம்ப்’ இசைத்தட்டில் இதனைக் கொண்டு தமக்கென ஒரு குரலையே அமைத்துக்கொண்டார். காற்றுக்கருவி ஒன்றின் மூச்சு அதிற் கேட்பது போலிருக்கும். புதிய கருவிகள் பல வந்த பின்னரும் அவர் அதனைக் கைவிடவில்லை. ஏட்ரியன் பிலூ, றொபேட் ஃப்ரிப் ஆகியோரும் 1980களின் தொடக்கத்தில் அதனைப் பயன்படுத்தினர். ஒலிவகைகளின் எண்ணிக்கையில் மிக வறிய கருவி ஒன்று கலைஞர்களால் மிக விரும்பப்பட்டது என்பது சிந்தனைக்குரியது. அவர்கள் நாடியது ஒலிகளின் பெருக்கத்தை அன்று. கைக்கும் ஒலிக்கும் இடையிலான அண்மையையே எனலாம்.

1983: பொதுமொழியும் அதன் விலையும்

வெவ்வேறு நிறுவனங்களின் இலத்திரனியல் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று உரையாடுவதற்கு ஒரு பொதுமொழி தேவைப்பட்டது. ககெஹாஷியும் கலிபோர்னியாவைச் சேர்ந்த டேவ் ஸ்மித்தும் முன்னின்று உழைத்ததன் பயனாக ‘மிடி’ எனப்படும் நியமம் உருவாயிற்று. 1983 சனவரியில் கலிபோர்னியாவில் நடைபெற்ற இசைக்கருவி வணிகக் கண்காட்சியிலே இரு வேறு நிறுவனங்களின் தொகுப்பிகள் ஒரே வடத்தால் இணைக்கப்பட்டு ஒருங்கே இசைத்துக் காட்டப்பட்டன. போட்டி நிறுவனங்கள் கட்டணம் ஏதுமின்றி ஒரு நியமத்தைப் பகிர்ந்துகொண்ட அருஞ்செயல் அது. 2013 இல் இருவருக்கும் கிராமி தொழினுட்ப விருது வழங்கப்பட்டது.

ஆயினும் எந்தப் பொதுமொழியும் அதனை ஆக்கியோரின் பேச்சுவழக்கைச் சுமந்தே பிறக்கிறது. மிடியின் பேச்சுவழக்கு விசைப்பலகையினுடையது. ‘இன்ன சுரம் தொடங்கிற்று’, ‘இன்ன சுரம் முடிந்தது’ என்பனவே அதன் அடிப்படை வாக்கியங்கள். சுரங்கள் 0 முதல் 127 வரை எண்ணிடப்பட்டன. ஒவ்வோர் எண்ணும் பியானோவின் ஒரு விசைக்கு ஒப்பானது. இரு விசைகளுக்கு இடைப்பட்ட ஒலிநிலையைக் குறிப்பதற்கு ‘வளைவு’ என்னும் துணைச்செய்தி ஒன்று இருந்ததெனினும், அது ஒரு தடத்தில் உள்ள சுரங்கள் அனைத்தையும் ஒருங்கே வளைக்கும். கிற்றாரில் ஒரு தந்தியை மட்டும் இழுத்து ஏனையவற்றை அசையாது வைத்திருப்பது சாதாரண செயல். இம்மொழியிலோ அதனைச் சொல்வதற்கு ஆறு தந்திகளுக்கும் ஆறு தடங்களை ஒதுக்கவேண்டியிருந்தது. நியமத்தில் அதற்கு இடமிருந்தது. ஆயின் அது விலக்காகவே இருந்தது, விதியாக அன்று.

இவ்விடத்தில் நமது துணைக்கண்டத்தில் நிகழ்ந்த ஒரு பழைய விவாதத்தை நினைவுகூர்தல் பொருந்தும். அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. அத்தடை 1971 வரை நீடித்தது. நிலையான சுரங்களைக் கொண்ட விசைக்கருவி கமகங்களையும் நுண்சுருதிகளையும் காட்டவியலாது என்பது அதற்கெதிராகக் கூறப்பட்ட முதன்மையான குற்றச்சாட்டு. தடை நியாயமானதா என்பது வேறு விடயம். விசைப்பலகை என்பது வெறும் கருவியன்று, இசை பற்றிய ஒரு கோட்பாடு என்பதை அவ்விவாதத்தில் ஈடுபட்டோர் உணர்ந்திருந்தனர். அக்கோட்பாடே 1983 இல் மின்சைகைகளின் வடிவில் உலகநியமமாயிற்று. வேறுபாடு யாதெனின், ஆர்மோனியத்தை வேண்டாம் என ஒதுக்கலாம். நியமத்தை அவ்வாறு ஒதுக்குதல் எளிதன்று.

கிற்றாருக்கு ஏற்பட்ட இடர் கோட்பாட்டளவில் மட்டும் நின்றுவிடவில்லை. அதற்குப் பௌதிகக் காரணமும் உண்டு. தந்தி எந்தச் சுரத்தை ஒலிக்கிறது என்பதை இயந்திரம் அறிய அதன் மீடிறனை அளக்கவேண்டும். மீடிறனை அளக்க ஒரு முழு அலையேனும் கடந்து செல்லவேண்டும். உறுதி செய்ய இரண்டு அலைகள் தேவை. கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. அதன் ஓர் அலைக்கு 12 மில்லிசெக்கன் செல்லும். இரண்டு அலைகளுக்கு 24. அத்துடன் மீட்டிய கணத்தில் எழும் நகவோசையும் உராய்வும் அடங்கும் வரை இயந்திரத்தால் எதையும் தெளிவாக அறிய முடியாது. காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்வது. எனவே 25 மில்லிசெக்கன் தாமதம் என்பது தான் வாசிக்கும் கருவியை எட்டு மீற்றருக்கு அப்பால் வைத்துக் கேட்பதற்குச் சமம். மிக உயர்ந்த தந்தி செக்கனுக்கு 330 முறை அதிர்வதால் அங்கே தாமதம் அதன் கால்பங்கே. ஒரே கருவியில் தந்திக்குத் தந்தி தாமதம் வேறுபடுவது தாளவுணர்வுடைய எவரையும் தடுமாறச் செய்யும். விசைப்பலகைக்கு இச்சிக்கல் எதுவும் இல்லை. அழுத்தப்பட்ட விசை தன் பெயரை உடனே கூறிவிடுகிறது.

இதனால் 1980களில் சிலர் தந்தியின் அதிர்வைக் கேட்பதையே கைவிட்டனர். பிரித்தானியாவில் உருவான ‘சிந்தாக்ஸ்’ என்னும் கருவியில் தந்திகள் இருந்தன. ஆனால் அவற்றின் ஒலி பயன்படவில்லை. விரல் எந்த மெட்டில் உள்ளது என்பது மின்முறையிற் கண்டறியப்பட்டது. அலன் ஹோல்ட்ஸ்வேர்த் என்னும் கலைஞர் அதனைத் திறம்படக் கையாண்டார். ஆயினும் மிகுந்த விலையுடைய அக்கருவி பரவலாக வழங்கவில்லை. றோலண்ட் நிறுவனமோ 1980களின் நடுப்பகுதியில் இருபத்துநான்கு ஊசி வடத்தைக் கைவிட்டுப் பதின்மூன்று ஊசி வடத்துக்கு மாறியது. அதனோடு எந்த மின்கிற்றாரிலும் ஒட்டிக்கொள்ளக்கூடிய தனி உணரியையும் வெளியிட்டது. கலைஞன் நிறுவனத்தின் கிற்றாரை வாங்கவேண்டிய கட்டாயம் நீங்கித் தன் கிற்றாருடனேயே புதிய உலகில் நுழைய வழி பிறந்தது. மரக்கிற்றாருக்கு மட்டும் அவ்வழி இன்னும் திறக்கவில்லை.

மரக்கிற்றாரின் நுழைவு

மேற்கூறிய உணரிகள் காந்தத்தால் ஆனவை. காந்தம் உருக்குத் தந்தியின் அசைவை உணரும், நைலோனை உணராது. ஆகவே நைலோன் தந்திக் கிற்றாருக்கு வேறொரு வழி வேண்டியிருந்தது. சில பளிங்குகளை அமுக்கும்போது அவற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880 இல் பிரான்சு நாட்டு யாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். ‘பீசோ’ எனப்படும் இவ்வியல்பைக் கொண்ட உணரிகள் 1960களின் பிற்பகுதியிலிருந்து மரக்கிற்றார்களின் குதிரையின் கீழே பொருத்தப்பட்டன. மேடையில் மரக்கிற்றாரின் ஒலியைப் பெருக்க அவை பெரிதும் உதவின. அவ்வுணரியை ஆறாகப் பிரித்துத் தந்திக்கு ஒன்றாக வைத்தால் ஒலித்தொகுப்பிக்கு வேண்டிய ஆறு சைகைகளும் கிடைக்கும் என்பது எளிய எண்ணமே. நடைமுறையில் அது எளிதாக இருக்கவில்லை.

காரணம், மரக்கிற்றார் ஆறு தந்திகளின் தொகுதியன்று; ஓர் உடல். ஒரு தந்தி அதிர்ந்தால் குதிரை அதிரும். குதிரை அதிர்ந்தால் மேற்பலகை அதிரும். அந்த அதிர்வு ஏனைய தந்திகளின் உணரிகளையும் சென்றடையும். செவிக்கு இனிமையாகத் தோன்றும் இவ்வியல்பு இயந்திரத்துக்குக் குழப்பமாகும். மீட்டப்படாத தந்தி மீட்டப்பட்டதாக அது எண்ணிவிடும். மரத்தின் முழக்கம் எவ்வளவுக்குச் செழிப்பாக உள்ளதோ அவ்வளவுக்கு எண்ணாக்கம் பிழைக்கும். நல்ல கிற்றாருக்கும் நல்ல இடைமுகத்துக்கும் இடையே உள்ள இம்முரண்பாடு இக்கருவியின் வரலாற்றில் மிக முக்கியமான ஒன்றாகும்.

இம்முரண்பாட்டுக்கு ஓர் இணக்கம் கண்டவர்களுள் கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த றொபேட் கோடான் குறிப்பிடத்தக்கவர். லா பத்ரீ என்னும் சிற்றூரில் 1972 இல் கிற்றார்த் தொழிலைத் தொடங்கிய அவர், 1987 முதல் தமது பெயரிலேயே கருவிகளை வெளியிட்டார். 1990களில் வந்த அவரது ‘மல்ரியாக்’ வரிசைக் கிற்றார்களில் மரத்தாலான மேற்பலகை உண்டு. ஆனால் உடல் முழுக்கக் குடைவானதன்று, அறைகளாகக் குடையப்பட்ட மெல்லிய மரம். முழக்கம் ஓரளவு அடக்கப்பட்டது. அதற்கு ஈடாகத் தந்திகள் தனித்தனியே தெளிவாகப் பேசின. கலிபோர்னியாவைச் சேர்ந்த றிச்சட் மக்லிஷ் என்பவரின் ‘ஆர்.எம்.சி.’ உணரிகள் குதிரையிலே அமைந்தன.

பதின்மூன்று ஊசி இணைப்பானும் உடலிலேயே பதிக்கப்பட்டது. அவ்விணைப்பானின் அமைப்பே ஒரு சிறு வரலாற்று ஆவணம் எனலாம். ஆறு ஊசிகள் ஆறு தந்திகளுக்கு; ஒன்று கிற்றாரின் வழமையான ஒலிக்கு; ஒன்று தொகுப்பியின் ஒலியளவுக்கு; இரண்டு ஒலிவகைகளை மாற்றும் பொத்தான்களுக்கு; இரண்டு உணரிகளுக்கு மின்வலு வழங்குவதற்கு; ஒன்று வெறிதாக உள்ளது. மரத்தின் ஒலியை நீக்காது தொகுப்பியின் ஒலியோடு அருகருகே செல்லவிட்டமை இங்கே கவனிக்கத்தக்கது. தொகுப்பி தாமதித்தாலும் மரம் தாமதிப்பதில்லை. மீட்டிய கணத்தின் கூர்மையை மரம் தருகிறது. அதன் பின்னே தொகுப்பியின் ஒலி நிழல்போல் எழுகிறது. பௌதிகத்தால் நீக்கவியலாத குறை இவ்விணைப்பினால் செவிக்குப் பெரிதும் மறைகிறது. மின்கிற்றாரிலும் இதனைச் செய்யலாமெனினும் நைலோன் தந்தியின் மென்மையான ஒலியோடு அது பொருந்துவதுபோல் வேறெதனோடும் பொருந்துவதில்லை.

கமகம் என்னும் உரைகல்

இவ்விடைமுகத்தின் வன்மையையும் மென்மையையும் அறிய ஜோன் மக்லோக்லினின் இசைவாழ்க்கை தக்க சான்றாகும். இங்கிலாந்தில் பிறந்த இந்த ஜாஸ் கிற்றார்க் கலைஞர் 1970களில் ஐக்கிய அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கலாநிதி எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். பின்னர் ‘சக்தி’ என்னும் குழுவை அமைத்தார். அதில் அவரோடு வயலின் வாசித்தவர் எல். சங்கர். அவருடைய தந்தையார் வி. இலட்சுமிநாராயணன் யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராகப் பணியாற்றியவர். சங்கரின் இளமைப் பருவம் யாழ்ப்பாணத்திலேயே கழிந்தது. 1958 ஆம் ஆண்டின் இனக்கலவரத்தையடுத்து அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. சாகிர் ஹுசேன் தபேலாவும், விக்கு விநாயக்ராம் கடமும் வாசித்தனர்.

சங்கரின் வயலினில் மெட்டுகள் இல்லை. விரல் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும். அதற்கு ஈடுகொடுக்க மக்லோக்லினுக்குச் சாதாரண கிற்றார் போதவில்லை. ஆகவே ஏப்ரஹாம் வெக்ற்றர் என்பவர் அவருக்கென ஒரு மரக்கிற்றாரை அமைத்தார். அதில் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. வீணையிற்போலத் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பது அதனால் இயன்றது. ஒலித்துளைக்குக் குறுக்கே, சுருதியாக ஒலிக்கும் துணைத்தந்திகளும் இருந்தன. கை வேண்டியதற்கு ஏற்ப மரம் வளைந்தது. கர்நாடக இசை வயலினை ஏற்றபோதும், பிற்காலத்தில் யூ. ஸ்ரீநிவாஸ் மின் மண்டலினை ஏற்றபோதும் நிகழ்ந்தது இதுவே.

1980களில் மக்லோக்லின் ஒலித்தொகுப்பியை நாடினார். 1989 நவம்பரில் இலண்டன் றோயல் ஃபெஸ்ற்றிவல் மண்டபத்தில் நிகழ்ந்த கச்சேரியில் அவர் நைலோன் தந்திக் கிற்றாருடன் மிடி மாற்றியை இணைத்து வாசித்தார். அது மறு ஆண்டில் இசைத்தட்டாக வெளிவந்தது. 2008 இல் வெளிவந்த ‘ஃபுளோற்றிங் பொயின்ற்’ என்னும் இசைத்தொகுப்பு சென்னையில், இந்தியக் கலைஞர்கள் பலருடன் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அதில் கிற்றார் ஒலித்தொகுப்பிக்கு முக்கிய இடமுண்டு. இப்பதிவுகளைக் கேட்போர் ஒன்றை உணரலாம். மெல்லச் செல்லும் நீண்ட சுரங்களில் தொகுப்பியின் ஒலி குழல்போல் இழைகிறது. சக்தியின் மரக்கிற்றாரிலோ விரைந்த அசைவுகளிலும் தந்தியின் ஒவ்வொரு நடுக்கமும் கேட்கிறது. மரம் அவருடைய கைக்கு வளைந்தது, நியமம் வளையவில்லை. நியமத்துக்கு ஏற்பத் தம் கையை அவர் வளைத்துக்கொண்டார். மேதைகளால் அது இயலும். ஆயின் ஒரு கருவியின் தகுதியை மேதைகளைக் கொண்டு மாத்திரம் அளத்தல் ஆகாது.

உடைமையும் வாசிப்பும்

இக்கருவியை உடையவர் உண்மையில் இரு பொருள்களை உடையவராகிறார். ஒன்று மரத்தாலானது, மற்றது மின்சுற்றாலானது. இவ்விரண்டும் வேறுவேறு ஒழுக்கங்களை அவரிடம் வேண்டுகின்றன. ஒவ்வொரு தந்தியின் உணர்திறனையும் தமது கையின் வன்மைக்கேற்பத் தனித்தனியே சரிசெய்தல் வேண்டும். வலிதாக மீட்டுபவர் அதனைக் குறைக்கவேண்டும். இன்றேல் தீண்டாத தந்திகளும் பேசும். மெதுவாக மீட்டுபவர் கூட்டவேண்டும். இன்றேல் மீட்டிய சுரமே தவறும். வாசிக்காத தந்திகளை உள்ளங்கையால் அடக்கவேண்டும். ஒரு சுரம் முற்றாக முடிந்த பின்பே அடுத்ததைத் தொடங்கவேண்டும். மரக்கிற்றாரில் அழகாகக் கருதப்படும் உராய்வோசையும் தந்திகள் ஒன்றன்மேலொன்று மயங்கி ஒலிப்பதும் இங்கே பிழைகளாகின்றன. இவ்வொழுக்கத்தால் வாசிப்பில் தூய்மை பிறக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அத்தூய்மையின் இலக்கணத்தை வகுத்தது செவியன்று, இயந்திரம் என்பதையும் மறத்தல் கூடாது.

இவற்றின் ஆயுளும் வேறுபட்டது. நன்கு பேணப்பட்ட மரக்கிற்றார் மூன்று தலைமுறைகளுக்கு ஒலிக்கும். இடைமுகத்தின் ஆயுளோ அதனை ஏற்கும் இயந்திரங்களின் உற்பத்தியைப் பொறுத்தது. 1977 இன் இருபத்துநான்கு ஊசி இணைப்பான் பத்தாண்டு கழியுமுன்னே கைவிடப்பட்டது. பதின்மூன்று ஊசி இணைப்பான் நீண்டகாலம் நிலைத்தது. 2023 இல் றோலண்ட் குழுமத்தின் ‘பொஸ்’ பிரிவு அதற்குப் பதிலாக எண்முறை வடம் ஒன்றை அறிமுகஞ் செய்தது. பழையதையும் புதியதையும் இணைக்கும் மாற்றிப்பெட்டிகளும் உடன் வெளிவந்தமை உடைமையாளருக்கு ஆறுதலாகும். எனினும் ஓர் உண்மை தெளிவாகிறது. கிற்றாரை வாங்குபவர் மரத்தை முழுமையாக வாங்குகிறார். இடைமுகத்தையோ ஒரு நிறுவனம் அதனை ஆதரிக்கும் காலம் வரைக்கும் மாத்திரமே பெறுகிறார்.

கருவி வழக்கொழியும்போது இசைக்கு நேர்வது யாது என்பது தமிழருக்குப் புதிய வினாவன்று. யாழ் மறைந்தபின் அதன் அமைப்பையும் பண்முறையையும் நூற்குறிப்புகளிலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டெடுக்க விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, 1947 இல் ‘யாழ் நூலை’ வெளியிட நேர்ந்தது. யாழின் மறைவுக்கு நூற்றாண்டுகள் சென்றன. இன்றைய கருவிகளின் மறைவுக்குப் பத்தாண்டுகள் போதும். ஆயினும் மரக்கிற்றாரோடு இணைந்த இடைமுகம் இவ்வாபத்தை ஓரளவு கடக்கிறது. மின்சுற்று ஊமையானாலும் தந்தி பேசும். அதில் பயின்ற கையும் வீணாவதில்லை. இக்காரணத்தாலேயே சிந்தாக்ஸ் போன்றவை அருங்காட்சிப் பொருள்களாகிவிட, மரக்கிற்றாரின் வழி நிலைத்தது எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

2018 இல் மிடி நியமத்துடன் ஒரு புதிய பகுதி சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியே வளைவையும் அழுத்தத்தையும் குறிக்க அது முறைவகுத்தது. 2020 இல் நியமத்தின் இரண்டாம் பதிப்பு வெளியாயிற்று. அதில் ஒரு சுரத்துக்குரிய வளைவு விலக்காக அன்றி மொழியின் இயல்பான கூறாகவே இடம்பெற்றது. 1983 இல் கிற்றார் வேண்டிநின்றது இதனையே. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளின் பின் விசைப்பலகையின் மொழி தந்தியின் இலக்கணத்துக்குச் சற்று இடங்கொடுத்துள்ளது. ஆயினும் தாழ்ந்த தந்தியின் ஓர் அலைக்கு 12 மில்லிசெக்கன் என்பது எந்த நியமத்தாலும் மாறாதது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? புதிய தொழினுட்பம் எக்கருவிக்கும் எம்மரபுக்கும் பொதுவானதாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. உண்மையில் அது ஒரு குறிப்பிட்ட கையின் அளவுக்கே வெட்டப்பட்டு வருகிறது. அந்தக் கைக்கு உரியோர் அதனை இயல்பானது என்பர். ஏனையோர் தம் கையையே குறையுடையதெனக் கருதத் தலைப்படுவர். கிற்றார்க் கலைஞர்கள் அவ்வாறு கருதி அமைதியடைந்துவிடவில்லை. தம் கருவியைக் கைவிடவும் இல்லை. புதியதை வெறுத்தொதுக்கவும் இல்லை. மரத்தின் ஒலியை ஒரு ஊசியில் காத்துக்கொண்டே மற்றை ஊசிகளால் புதியதோடு உரையாடினர். தம்மை அளக்கும் அளவுகோல் தமக்குப் பொருந்துமாறு திருத்தப்படவேண்டும் என இடையறாது கேட்டும் வந்தனர்.

நமது இசைக்கும் நமது மொழிக்கும் எண்முறைக் கருவிகள் மேலும் மேலும் வாயிலாகிவரும் இக்காலத்தில், அவ்வாயிலின் அளவை வகுப்போர் யார், எக்கையை அளந்து வகுத்தனர் என்னும் வினாவை நாமும் எழுப்பவேண்டியவர்களாய் உள்ளோம். விடை காலந்தாழ்ந்தே வரலாம். கேளாதவருக்கு அது வருவதே இல்லை.